பட்டறை கேள்வி–பதில்: மைட்டர் சாவுக்கு எந்த ஸ்டாண்டு?

மைட்டர் சா (வட்ட பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தை நேராகவும் கோணமாகவும் நறுக்கும் மின் அறுவைக் கருவி) ஸ்டாண்டு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். பதில்களில் ‘தளம்’ என்று வருமிடமெல்லாம், சாவில் மரம் உட்காரும் அலுமினிய மேற்பரப்பைத்தான் சொல்கிறோம்.

கேள்வி: 10 அங்குல மைட்டர் சா வாங்கியிருக்கிறேன். இப்போதைக்குப் பழைய மேசை ஒன்றின்மேல் வைத்து, பலகையின் முனைகளுக்குக் கிடைத்ததை அண்டைக் கொடுத்து வெட்டுகிறேன். ஸ்டாண்டு உண்மையிலேயே தேவையா? தண்டச் செலவு என்கிறார் நண்பர்.

பதில்: மேசை சாவைத் தாங்கும், மரத்தைத் தாங்காது. உங்கள் சாவின் தளம் ஏறத்தாழ இரண்டு அடி அகலம்தான் இருக்கும். அதில் எட்டு அடிப் பலகையை வைத்தால் முக்கால்வாசி அந்தரத்தில் நிற்கும். இடது கையால் அழுத்திப் பிடித்து வெட்டலாம்தான். ஆனால் வெட்டு முடியும் தறுவாயில் பலகை தன் எடையாலேயே தொங்கி ஒடியும். கடைசி இரண்டு மி.மீ. அறுபடாமல் பிய்ந்து சிராயாக நிற்கும். சாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இது வேலையைக் கெடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் அண்டைக் கொடுக்கும் முறையில் உள்ளது வேறு வகை வம்பு. செங்கல், புத்தகம், மரத்துண்டு என்று அடுக்கும்போது இரு பக்கமும் தளத்தைவிட ஒரு நூல், அதாவது 3 மி.மீ., உயர்ந்துவிட்டது என்று வையுங்கள். பலகை பாலம்போல நிற்கும், நடுப்பகுதி தளத்தைத் தொடாது. பிளேடு மேலிருந்து இறங்க இறங்க நடுப்பகுதி கீழே மடங்கும். வெட்டின் வாய் மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மோட்டார் திணறும், பலகை துள்ளும், சாவின் தலை கையை மீறி எகிறும். தாங்கி சற்றுத் தாழ்ந்திருந்தால் வெட்டு திறந்துகொள்ளும். சிராய் வரும், ஆபத்து குறைவு.

ஸ்டாண்டுக்கு உள்ள முதல் வேலை மரத்தைத் தளத்தோடு ஒரே மட்டத்தில் நிறுத்துவது. சக்கரம், மடிப்பு, இழுப்பறை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதை ஒரு பலகையும் இரண்டு பெட்டியும் செய்துவிடும் என்றால் அதுவும் ஸ்டாண்டுதான். செய்முறை கீழே இருக்கிறது.

கேள்வி: வாரத்தில் இரண்டு மூன்று இடம் மாறி வேலை. மடக்கும் ஸ்டாண்டு வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் சாவின் எடை. 15 கிலோவுக்குள் இருந்தால் கால் மடங்கும் சாதாரண ஸ்டாண்டு போதும்; சாவைக் கழற்றி ஒரு கையில், ஸ்டாண்டை மறு கையில் தூக்கலாம். 12 அங்குல ஸ்லைடிங் சா (தலை முன்பின் நகரும் வகை) 25 முதல் 30 கிலோ வரை வரும். அதைத் தினமும் கழற்றி மாட்டினால் முதுகு போய்விடும். அதற்குச் சக்கரம் வைத்து, சாவோடு சேர்த்தே மடித்து உருட்டும் வகையை எடுங்கள்.

இரண்டாவது, கைகள். இருபுறமும் இழுத்து நீட்டும் கைகள் எவ்வளவு நீளம் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். கைக்குக் கால் கிடையாது என்பதை யாரும் போடுவதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 50×100 மி.மீ. சட்டம், நீளம் 3.6 மீட்டர். கன மீட்டருக்கு 650 கிலோ எடையுள்ள மரமானால் சட்டம் சுமார் 11.7 கிலோ. அதன் ஒரு முனையை மட்டும் நறுக்கும்போது சட்டம் முழுக்க இடப்பக்கம் நீட்டி நிற்கும். எடையின் மையம் பிளேடிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி விழும். ஸ்டாண்டின் கால் பிளேடிலிருந்து அரை மீட்டரில் ஊன்றியிருந்தால், காலுக்கு வெளியே 1.2 மீட்டர். கவிழ்க்கும் பக்கம் 11.7×1.2, அதாவது 14. சாவும் ஸ்டாண்டும் சேர்ந்து 30 கிலோ என்றால் தடுக்கும் பக்கம் 30×0.5, அதாவது 15. நூலிழை வித்தியாசம். நீட்டிய பக்கம் நீங்கள் உங்கள் கையை ஊன்றினால் எல்லாமே சாய்ந்துவிடும். கால்கள் அகலமாக விரியும் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுங்கள். நீளச் சட்டம் வெட்டும் நாளில் கை முனைக்குக் கீழே தரையிலிருந்து ஒரு முட்டு கொடுங்கள்.

மூன்றாவது, சாவைப் பிடிக்கும் பட்டைகள். எல்லாச் சாவுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தாலும், உங்கள் சாவின் நான்கு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முன்பின் துளைகள் பட்டையின் நீளத்துக்குள் அடங்க வேண்டும், சாவின் நான்கு பாதமும் பட்டைமேல் உட்கார வேண்டும். மூன்று பாதம் உட்கார்ந்து ஒன்று அந்தரத்தில் நின்றால் அந்த ஸ்டாண்டு வேண்டாம்.

தாங்கியில் உருளை இருந்தால் பலகை சுலபமாக நகரும் என்பது உண்மை. உருளை சற்றே கோணலாக இருந்தால் பலகையை ஃபென்ஸிலிருந்து (தளத்தின் பின்னால் மரம் அணைந்து நிற்கும் நேர்ச்சுவர்) விலக்கி இழுத்துக்கொண்டு போகும் என்பதும் உண்மை. எங்கள் ஓட்டு தட்டையான தாங்கிக்குத்தான்.

கடையில் பார்க்கும்போது கைகளை முழுக்க நீட்டி, முனையை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். குழாய்க்குள் குழாய் லொடலொடவென்று ஆடினால், வீட்டில் எவ்வளவு மட்டம் பிடித்தாலும் நிற்காது.

கேள்வி: ஸ்டாண்டு என்ன உயரம் இருக்க வேண்டும்?

பதில்: நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழியுங்கள். அது தளத்தின் உயரம், ஸ்டாண்டின் உயரம் அல்ல. முழங்கை 105 செ.மீ. என்றால் தளம் 90 முதல் 95. இதை மறந்து ஸ்டாண்டையே 90 செ.மீ. செய்துவிட்டுத் தோளைத் தூக்கிக்கொண்டு வெட்டுபவர்கள் நிறைய.

கேள்வி: ஒரே ஒரு பிளைவுட் ஷீட்டில் செய்து முடிக்கும்படி எளிய ஸ்டாண்டு சொல்லுங்கள். வெல்டிங் வசதி இல்லை.

பதில்: 18 மி.மீ. பிளைவுட், 2440×1220 அளவில் ஒன்று போதும். நீளமான அடிப்பலகை, நடுவில் சா, இருபுறமும் தளத்தின் உயரத்துக்குச் சமமான பெட்டிகள், கீழே இரண்டு சா ஹார்ஸ் (பலகையைத் தாங்கும் கால் முட்டுகள்). இவ்வளவுதான் அமைப்பு.

பலகையில் கை வைப்பதற்கு முன் ஒரு அளவு எடுக்க வேண்டும், மொத்த வேலையும் அதில்தான் நிற்கிறது. சாவின் அடியில் ரப்பர் பாதம் இருந்தால், அதைத் தரையில் வைத்துத் தளத்தின் உயரத்தை அளக்காதீர்கள். போல்டை முடுக்கியதும் ரப்பர் நசுங்கி தளம் ஒன்றிரண்டு மி.மீ. இறங்கிவிடும், பெட்டிகள் அதே அளவு உயர்ந்து நிற்கும். முதல் பதிலில் சொன்ன பாலம் உருவாவது பல வீடுகளில் இப்படித்தான். ரப்பரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு துண்டுப் பலகையில் சாவை போல்டு போட்டு முடுக்கியபின் அளங்கள். தளம் 90 மி.மீ. வந்ததாக வைத்துக் கீழே கணக்கு தருகிறோம். உங்கள் சாவுக்கு அந்த எண் மாறும். பிளைவுட்டும் சொன்ன 18 மி.மீ. இருக்காது, அரை மி.மீ. குறையலாம். அதையும் அளந்துகொள்ளுங்கள்.

ஷீட்டின் நீளவாக்கில் அறுக்க வேண்டியவை:
– 500 மி.மீ. அகலத்தில் முழு நீளம், ஒன்று: அடிப்பலகை.
– 300 மி.மீ. அகலப் பட்டை: இதிலிருந்து 1000 மற்றும் 700 மி.மீ. நீளத்தில் பெட்டிகளின் மேல்மூடிகள்.
– 72 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள்: இரண்டிலிருந்து 1000, 700 நீளத்தில் இரண்டிரண்டு பக்கச்சட்டங்கள், மூன்றாவதிலிருந்து 264 மி.மீ. குறுக்குத் துண்டுகள் ஆறு.
– 90 மி.மீ. அகலத்தில் முழு நீளம், இரண்டு: அடிப்பலகைக்குக் கீழே நிமிர்த்தி ஒட்டும் விறைப்புச் சட்டங்கள்.

பிளேடின் தடிமன் 3 மி.மீ. கழிந்தாலும் ஷீட்டில் அடங்கும். 72 என்பது 90இலிருந்து மூடியின் 18ஐக் கழித்த கணக்கு. ஆனால் அறுக்கும்போது 71 வைத்து அறுங்கள். குறைந்த பெட்டிக்கு அடியில் லாமினேட் துண்டோ அட்டையோ செருகி ஏற்றுவது இரண்டு நிமிட வேலை. உயர்ந்த பெட்டியை இறக்க இழைப்புளியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

விறைப்புச் சட்டங்கள் இரண்டையும் அடிப்பலகையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அருகே நிமிர்த்தி, கோந்து தடவி 40 மி.மீ. ஸ்க்ரூவால் 20 செ.மீ. இடைவெளியில் பிடியுங்கள். பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ இறங்கும்போது அடுக்கு பிளக்கும். அதனால் 3 மி.மீ. பிட்டால் முதலில் துளை போடுவது கட்டாயம். இந்தச் சட்டங்களை விட்டுவிட்டால் 18 மி.மீ. பலகை சாவின் எடைக்கு நடுவில் தொய்யும், பெட்டிகள் இரண்டும் உள்நோக்கிச் சாயும்.

பெட்டிகளுக்கு இரு முனையிலும் நடுவிலும் ஒவ்வொரு குறுக்குத் துண்டு. மூடியின் ஸ்க்ரூ தலைகள் மேற்பரப்புக்குக் கீழே அமுங்கியிருக்க வேண்டும்.

அடிப்பலகையின் நீளத்தில் 1000உம் 700உம் போக நடுவே 740 மி.மீ. மிஞ்சும். சாவை அங்கே வைத்து, பெட்டிகளை ஒட்டாமல் சும்மா அண்டை வைத்து, சாவின் கையை இடமும் வலமும் கடைசிக் கோணம் வரை திருப்புங்கள். தலையையும் இருபக்கமும் சாய்த்து இறக்குங்கள். மோட்டாரோ முன்கைப்பிடியோ பெட்டியின் மூலையில் இடித்தால் பெட்டியை வெளியே தள்ளுங்கள், அல்லது மூலையைச் சாய்த்து அறுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஸ்க்ரூ போட்டுவிட்டு 45 டிகிரி வெட்டு வரும் நாளில் கண்டுபிடிப்பது பெரிய கொடுமை.

சாவுக்கு எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட் நான்கு. நீளம்: சாவின் பாதக் கனம், அதோடு 18, அதோடு வாஷருக்கும் நட்டுக்கும் 15 மி.மீ. நட்டு, நைலான் வளையம் உள்ள வகையாக இருக்கட்டும். சாதா நட்டு அதிர்வில் கழன்றுவிடும். சாவின் துளை போல்டைவிடச் சிறிதாக இருந்தால் எம்6 போடுங்கள், அலுமினியத்தைக் குடைய வேண்டாம். பெட்டிகளை அடிப்பலகையின் கீழிருந்து ஆளுக்கு நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். இங்கே கோந்து கூடாது, பிறகு அட்டை செருக வேண்டிவரும்.

மட்டம் பார்க்க ரசமட்டம் எடுக்காதீர்கள். தரைக்கு மட்டமா என்பது இங்கே கேள்வியே இல்லை. தளமும் பெட்டிகளும் ஒரே நேரில் இருந்தால் ஸ்டாண்டு முழுக்கச் சற்றுச் சாய்ந்திருந்தாலும் வெட்டு சரியாகவே வரும். நேரான 2 மீட்டர் அலுமினியச் சதுரக் குழாய் ஒன்றைத் தளத்தின் மேல் வைத்து, பெட்டியின்மேல் நீட்டுங்கள். குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே சாதாரண ஏ4 தாளைச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் 0.1 மி.மீ. கனம். ஐந்து தாள் நுழைந்தால் பெட்டி அரை மி.மீ. தாழ்ந்திருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடலாம். பெட்டியில் குழாய் உட்கார்ந்து, தளத்தின் பக்கம் தாள் நுழைந்தால் பெட்டி உயரம். இறக்கியே ஆக வேண்டும்.

சா ஹார்ஸின் உயரம்: தளம் 90 செ.மீ. வேண்டுமென்றால், அதில் சாவின் 9, பலகையின் 1.8, விறைப்புச் சட்டத்தின் 9 கழித்து 70.2 செ.மீ.

கேள்வி: ஸ்டாண்டு செய்து, மட்டமும் பார்த்துவிட்டேன். சிறு துண்டுகள் சரியாக வெட்டுகின்றன. இரண்டு மீட்டர் பலகை மட்டும் 90 டிகிரி வரமாட்டேன் என்கிறது. சாவில் கோளாறா?

பதில்: சிறு துண்டு சரியாக வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், சாவின் மேல் குற்றமில்லை. பெட்டிமேல் நீளமாக இன்னொரு ஃபென்ஸ் அடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். அது சாவின் ஃபென்ஸைவிட ஒரு மீட்டர் தொலைவில் 2 மி.மீ. முன்னே வந்திருந்தால் போதும். நீளப் பலகை அதில் முட்டி, சாவின் ஃபென்ஸைச் சரியாகத் தொடாமல் சற்றுத் திரும்பி நிற்கும். 150 மி.மீ. அகலப் பலகையில் 0.3 மி.மீ. பிசகு, கண்ணுக்குத் தெரியும் அளவு. கூடுதல் ஃபென்ஸை 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளி வையுங்கள். கழற்றியே போட்டாலும் நஷ்டமில்லை. கோணத்தைத் தீர்மானிப்பது சாவின் ஃபென்ஸ் மட்டுமே. வளைந்த பலகையும் இதே விளையாட்டைக் காட்டும். வளைவின் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், வெட்டும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது.

இருக்கட்டும், சாவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரு விளிம்பும் இணையாக உள்ள 150 மி.மீ. பலகையை நடுவில் வெட்டுங்கள். வலத் துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, மறு விளிம்பு ஃபென்ஸைத் தொடும்படி வைத்து, வெட்டு முகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால் அது உண்மைப் பிசகைப்போல இரு மடங்கு. ஒரு முனையில் 1 மி.மீ. திறந்தால் சா சுமார் 0.2 டிகிரி விலகியிருக்கிறது. சிறிய துண்டும் பெரிய துண்டும் இரண்டுமே கோணல் என்றால் நான்கு போல்டையும் தளர்த்திவிட்டு மறுபடி சோதியுங்கள். மேடு பள்ளமான பலகையில் நான்கு மூலையையும் இறுக முடுக்கினால் சாவின் வார்ப்பு அடிப்பாகம் முறுக்கிக்கொள்ளும். தூக்கி நிற்கும் பாதத்துக்கு அடியில் தகடு கொடுத்தபின் முடுக்குங்கள்.

கேள்வி: ஒரே அளவில் 40 துண்டு வெட்ட வேண்டும். பலகையின் முனை முட்டி நிற்க முட்டுக்கட்டை வைத்தும் கடைசியில் வெட்டியவை ஒரு மி.மீ. குறைந்துவிட்டன. ஏன்?

பதில்: மரத்தூள். முட்டுக்கட்டையின் அடி மூலையில் தூள் சேர்ந்து, ஒவ்வொரு பலகையும் அதன்மேல் முட்டி நின்றிருக்கிறது. முட்டுக்கட்டையின் கீழ் விளிம்பை 4 மி.மீ. சாய்வாகச் சீவிவிடுங்கள், தூள் ஒதுங்க இடம் கிடைக்கும். கட்டை நழுவியிருந்தாலும் அளவு மாறும். ஒரே கிளாம்பில் பிடித்திருந்தால் இரண்டாக்குங்கள்.

முட்டுக்கட்டை ஒரு பக்கம் மட்டும். இரு பக்கமும் முட்டு வைத்தால் வெட்டுப்பட்ட துண்டு ஒதுங்க வழியின்றி பிளேடில் மாட்டிப் பறக்கும். கையால் பிடிக்கும் பக்கம் முட்டுக்கட்டையுள்ள பக்கமாக இருக்கட்டும். கைக்கும் பிளேடுக்கும் 15 செ.மீ. இடைவெளி விட முடியாத சிறு துண்டானால் கிளாம்பு போடுங்கள். வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்றபிறகே தலையைத் தூக்குங்கள். சுழலும் பிளேடைத் தூக்கும்போதுதான் சிறு துண்டுகள் முகத்துக்கு வருகின்றன.

கேள்வி: சிறிய அறை. ஸ்லைடிங் சாவைச் சுவரோரம் வைக்க முடியுமா?

பதில்: பல ஸ்லைடிங் மாடல்களில் தண்டுகள் பின்பக்கம் ஓர் அடி வரை நீளும். தலையை முழுக்கப் பின்னே தள்ளி, கடைசிக் கோணத்துக்குத் திருப்பி, அப்போது சுவருக்கு எவ்வளவு வேண்டும் என்று அளங்கள். தண்டு நிலையாக நின்று தலை மட்டும் முன்பின் நகரும் மாடல்களும், மடங்கும் கை உள்ளவையும் உண்டு. சுவரோரம் வைக்க அவைதான் தோது. சா ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், ஸ்டாண்டுக்குச் சக்கரம் போட்டு வெட்டும் நேரத்தில் முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் பூட்டு வேண்டும்.

பக்கப் பெட்டிகளுக்குப் பதில் கீல் வைத்து மடக்கும் பலகை போடலாம். கீல் நாளாக ஆக இறங்கும். தாங்கும் சாய்வுச் சட்டத்தின் தலையில் ஒரு எம்10 போல்டை நட்டோடு பொருத்தி, பலகை அதன் தலைமேல் உட்காரும்படி செய்யுங்கள். மட்டம் இறங்கும்போதெல்லாம் போல்டை அரைச் சுற்று ஏற்றினால் முடிந்தது.

கேள்வி: இரும்புக் குழாயில் ஸ்டாண்டு செய்து, அதிலேயே இரும்பு வெட்டவும் பயன்படுத்தலாமா?

பதில்: ஸ்டாண்டு செய்யலாம். 40×40×2 மி.மீ. சதுரக் குழாய் மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 12 மீட்டர் போனால் ஸ்டாண்டே 28 கிலோ ஆகிவிடும். பட்டறையில் நிலையாக நிற்க நல்லது, தூக்கிப் போக ஆகாது. எல்லா மூலையிலும் முதலில் டாக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, இரு மூலைவிட்டமும் சமமா என்று பார்த்தபிறகே முழு வெல்டு ஓட்டச் சொல்லுங்கள். நான்கு கால் அடியிலும் எம்10 நட்டை வெல்டு செய்து போல்டு பாதம் வைத்தால் மேடு பள்ளத் தரையிலும் ஆடாது.

இரும்பு வெட்டுவது கூடாது. மர மைட்டர் சா நிமிடத்துக்கு 4000 முதல் 5000 சுற்று சுற்றும். இரும்பு அறுக்கும் கார்பைடு பிளேடு சா 1300–1500 சுற்றில் ஓடுவது காரணத்தோடுதான். மர சாவின் வேகத்தில் இரும்பை வெட்டினால் மர பிளேடின் பற்கள் தெறிக்கும். அரைக்கும் வட்டை மாட்டினாலோ, தீப்பொறி நேரே சாவின் உள்ளே படிந்த மரத்தூளில் விழும். மெதுவாகக் கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிப் போனபிறகு எரியும்.

கேள்வி: தூள் பை மாட்டியும் அறை முழுக்கத் தூள். ஸ்டாண்டில் ஏதாவது செய்யலாமா?

பதில்: பை பிடிப்பது ஒரு பங்குதான். மீதி பிளேடுக்குப் பின்னால் விசிறியாகப் பறக்கிறது. சாவின் பின்னே மூன்று பக்கமும் மூடிய கூடு ஒன்றை 6 மி.மீ. பிளைவுட்டில் செய்து, அடியில் சரிவான தட்டும் 100 மி.மீ. குழாய்க்கு வாயும் வையுங்கள். கோணம் திருப்பும்போது மோட்டார் இடிக்காத அகலம் வேண்டும். வேக்குவம் இருந்தால் அதன் குழாயைச் சாவின் தூள் வாயிலேயே நேரடியாக மாட்டுங்கள், கூட்டுக்கு வேண்டாம். பிறக்கும் இடத்தில் பிடிப்பதே அதிகம் பிடிக்கும். குழாய் தலையோடு சேர்ந்து நகர நீளம் விட்டு, மேலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள்; வெட்டும் பாதையில் தொங்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. கூடு இருந்தாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டி முடித்த உடனே கழற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூள் அதற்குப் பிறகும் வெகுநேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.